கம்பியைக் கழற்றிக் கயிறு கட்டிய கதை

பாய்ப்படகில் ஏரியின் நடுவில் இருக்கும்போதுதான் பார்த்தேன், பாய்மரத்தைத் தாங்கும் வலப்பக்கக் கம்பி கீழ்முனை கழன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. டர்ன்பக்கிளை, அதாவது கம்பியை இறுக்கும் திருகை, பிணைக்கும் ஆணி விழுந்துவிட்டது. அந்த ஆணியை வெளியே வராமல் தடுக்கும் சின்ன வளையம் எப்போது போனது என்று தெரியவில்லை. நல்ல வேளையாக அப்போது காற்று இடப்பக்கத்திலிருந்து வந்தது. பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது இடப்பக்கக் கம்பி. வலப்பக்கத்துக்கு வேலையே இல்லை. படகைத் திருப்பிக் காற்றை வலப்பக்கம் வாங்கியிருந்தால் அடுத்த நொடி பாய்மரம் தண்ணீரில் கிடந்திருக்கும்.

படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலேகால் மீட்டர் நீளம், அலுமினியப் பாய்மரம், ஒரு பெரிய பாய், ஒரு முன்பாய். பாய்மரத்தை நிறுத்தி வைப்பது மூன்று கம்பிகள்தான்: அணியத்திலிருந்து (படகின் முன்முனை) ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பின்னால் கம்பி கிடையாது. பக்கக் கம்பிகளைப் பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளிக் கட்டியிருப்பதால் அவையே பின்பக்க இழுவையையும் பார்த்துக்கொள்ளும். மூன்றில் ஒன்று போனாலும் மிச்சம் இரண்டும் பாய்மரத்தைத் தாங்காது.

பாயை இறக்கும்போது படகின் முகத்தை நேராகக் காற்றுக்குத் திருப்புவது வழக்கம். அன்று அதைச் செய்யவில்லை. நேராக நின்றால் அலையில் படகு இரண்டு பக்கமும் உருளும், பாய்மரம் இடப்பக்கம் சரிய ஒரு நல்ல உருளல் போதும். அதனால் காற்று இடப்பக்கமே இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டு, தாமான் கயிற்றை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, முழுக்கத் தளர்த்தி, பாயைப் படபடக்கவிட்டு, கையால் இழுத்து இழுத்து இறக்கினேன். பாதியில் சிக்கியது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னதும் இறங்கியது.

பாய் இறங்கியதும் ஆஞ்சான், அதாவது பாயை மேலே ஏற்றும் கயிறு, சும்மா இருந்தது. அதன் முனையை, கம்பியின் அடி கட்டப்படும் வலப்பக்கத்து எஃகுப் பட்டையில் மாட்டி, மறுமுனையை இழுத்து இறுக்கிக் கட்டினேன். அதுதான் தற்காலிகப் பக்கக் கம்பி. ஆஞ்சான் பாய்மரத்தின் உச்சியிலிருந்து வருகிறது. அசல் கம்பி உச்சிக்கு ஒன்றரை மீட்டர் கீழேயே மாட்டப்பட்டது. அதனால் ரொம்ப இறுக்கினால் மெல்லிய மேல்பகுதி வளையும். முன்பாயை மட்டும் வைத்துக்கொண்டு, காற்றைப் பின்னால் வாங்கி, மெதுவாகக் கரை சேர்ந்தேன்.

கரையில்தான் வயிற்றைக் கலக்கிய விஷயம். எதற்கும் மற்ற கம்பிகளையும் பார்ப்போம் என்று ஒரு பருத்தித் துணியால் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தேன். இது பழைய தந்திரம். இழை ஏதாவது அறுந்திருந்தால் துணி மாட்டும், விரல் தப்பும். இடப்பக்கக் கம்பியின் அடிமுனையில் துணி மாட்டியது. நசுக்கிப் பொருத்திய உலோகக் குழாய்க்குள் கம்பி நுழையும் இடத்தில் இரண்டு இழை அறுந்து நின்றன. மொத்தம் பத்தொன்பது இழை. ஏரி நடுவில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது இந்தக் கம்பிதான்!

அந்த முனையை யாரோ ஒட்டு நாடாவால் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார்கள். யாரோ என்ன, நான்தான், இரண்டு வருடம் முன்பு. கூர்முனை கையைக் கிழிக்கக்கூடாது என்று செய்தேன். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதே மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜனால் உருவாகும் மெல்லிய படலத்தால்தான். நாடாவுக்கு அடியில் ஈரம் நின்று காற்று போகாவிட்டால் அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது, இடுக்கில் அரிப்பு தொடங்கும். நாடாவைப் பிரித்ததும் பழுப்புக் கறை வழிந்தது. இப்போது ஆணி வளையங்களின் மேல் மட்டும் ஒரே ஒரு சுற்று நாடா போடுகிறேன், அதையும் அவ்வப்போது பிரித்துப் பார்த்து மாற்றுகிறேன்.

சரி, இரண்டு பக்கக் கம்பியையும் மாற்றியாக வேண்டும். முனை நசுக்கும் கருவி என்னிடம் இல்லை. கயிற்றில் செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதல் முயற்சி படுதோல்வி. கையில் இருந்தது 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு. அது அறுபடும் எடை ஒரு டன்னுக்கு மேல். பழைய 3 மி.மீ. கம்பிக்கோ சுமார் 700 கிலோதான். கம்பியைவிடக் கயிறு பலம், வேறென்ன வேண்டும் என்று மேலும் கீழும் பௌலைன் முடிச்சுப் போட்டு, கீழே மூன்று சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினேன். கரையில் நிற்கும்போது பாய்மரம் கம்பீரமாக நின்றது. தண்ணீரில் இறங்கிக் காற்று பிடித்ததும் உச்சி காற்றுமறைவுப் பக்கம், அதாவது காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், சாய்ந்தது, காற்று விட்டதும் நிமிர்ந்தது. தலையாட்டி பொம்மை தோற்றது. பாய்க்கு உருவமே நிற்கவில்லை. ஒவ்வொரு காற்றடிக்கும் படகு முன்னே போகாமல் ஒருபக்கமாகச் சரிந்தது.

அறுபடும் எடையை மட்டும் பார்த்ததுதான் தப்பு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கம்பி மாட்டும் இடம் நாலரை மீட்டர் உயரத்தில். கீழே அது கட்டப்படும் பட்டை பாய்மர அடியிலிருந்து பக்கவாட்டில் 70 செ.மீ. தள்ளி. அதாவது கம்பி கிட்டத்தட்ட நேர்க்குத்தாகவே நிற்கிறது. இந்தக் கோணத்தில் இரண்டு விஷயம் நடக்கிறது. மேலே பாய்மரத்தைப் பக்கவாட்டில் 15 கிலோ விசை தள்ளினால், கம்பியில் வரும் இழுவை அதைப்போல் ஆறரை மடங்கு, ஏறக்குறைய 100 கிலோ. கம்பி நீள்வதும் அதே கணக்குதான்: அது 1 செ.மீ. நீண்டால் பாய்மரம் அந்த உயரத்தில் ஆறரை செ.மீ. சாயும்.

பழைய கம்பி 100 கிலோவுக்கு இந்த நீளத்தில் 6 மி.மீ. சுமார்தான் நீளும். பாய்மரம் 4 செ.மீ. அசையும், கண்ணுக்கே தெரியாது. பாலியெஸ்டர் கயிறு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நீண்டாலே 7 செ.மீ. ஆயிற்று, பாய்மரம் 45 செ.மீ. சாய்கிறது. இதற்குமேல் முடிச்சுகள் இறுகி விட்டுக்கொடுத்த நீளம் வேறு. நைலான் கயிறு என்றால் கேட்கவே வேண்டாம். நீளும் குணம் நங்கூரத்துக்கு நல்லது, அலையின் உதைப்பை வாங்கிக்கொள்ளும். பாய்மரத்துக்கு அது ஆகாது.

இரண்டாவது முயற்சிக்கு டைனீமா கயிறு வாங்கினேன், 4 மி.மீ., உறை இல்லாமல் பன்னிரண்டு புரி பின்னிய வகை. உள்ளே வெற்றிடமாக, குழாய் போல இருக்கும். பாலிஎத்திலீன்தான், ஆனால் மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்டது, தண்ணீரில் மிதக்கும். இந்தத் தடிமனிலேயே ஒன்றரை டன் தாங்கும். அவ்வளவு பலம் எனக்குத் தேவையில்லை, நீளாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தடிமனைக் கூட்டினேன்.

இந்தக் கயிற்றின் முதல் பிடிவாதம்: முடிச்சு நிற்காது. வழுக்கிக்கொண்டு போகும், நின்றாலும் முடிச்சு போட்ட இடத்தில் பாதி பலம்கூட மிஞ்சாது. அதனால் முனையைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே செருகிக் கண்ணி செய்ய வேண்டும். இழுக்க இழுக்க வெளிக்கயிறு உள்ளே இருப்பதை நெரித்துப் பிடிக்கும், மலைப்பாம்பு மாதிரி. உள்ளே போக வேண்டிய நீளம் கயிற்றின் விட்டத்தைப்போல் 72 மடங்கு என்பது வழக்கம். 4 மி.மீ.க்கு 29 செ.மீ. இதற்கென்று செருகூசி விற்கிறார்கள். என்னிடம் இல்லை, மெல்லிய எஃகுக் கம்பியை இரண்டாக மடித்து, மடிப்பு முனையைக் கயிற்றுக்குள் விட்டு, மறுமுனையில் வாலை மாட்டி இழுத்தேன். நன்றாகவே வேலை செய்தது.

வாலை அப்படியே மொட்டையாக வெட்டி உள்ளே விடக்கூடாது. வால் முடியும் இடத்தில் கயிறு திடீரென்று மெலிந்தால் அங்கேதான் அறும். கடைசிப் பத்து செ.மீ.யில் ஒவ்வொரு புரியாக வெட்டிக் கூராக்கினேன். இழுவை இல்லாதபோது வால் நழுவி வெளியே வராமல் இருக்கக் கண்ணியின் கழுத்தில் ஊசி நூலால் குறுக்கே பத்துப் பன்னிரண்டு தையல். வெட்டுவதே தனி வேலை: கத்தரிக்கோல் மென்று துப்பும். மரக்கட்டைமேல் வைத்துப் புதுப் பிளேடால் அழுத்தினால்தான் வெட்டுப்படும். நெருப்பில் காட்டி முனையை மூடலாம் என்றும் நினைக்காதீர்கள், 145 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், அருகில் உள்ள நல்ல பகுதியும் சூட்டில் கெடும்.

முதல் கண்ணியைத் திம்பிள் (கண்ணி தேயாமல் காக்கும் உலோக வளையம்) வைத்து, அளந்து, தைத்து, அழகு பார்த்துவிட்டு பாய்மரத்துக்குக் கொண்டுபோனேன். மேலே இருக்கும் தகட்டின் இடைவெளிக்குள் திம்பிள் நுழையவில்லை. ஒரு மாலை நேர வேலை போயிற்று. பிரித்து, சிறிய ஷேக்கிள் (ஆணி போட்டு மூடும் U வடிவக் கொக்கி) ஒன்றைத் தகட்டில் மாட்டி, அதன் வளைவில் திம்பிளைப் போட்டு, மறுபடி செய்தேன். இரண்டாவது கண்ணி முதலாவதைவிட நேர்த்தியாக வந்தது என்பது ஒரு ஆறுதல்.

நீளம் அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாலைச் செருகும்போது கயிறு தடித்துக் குட்டையாகும். முதல்முறை பலமாக இழுக்கும்போது புரிகள் நெருங்கி நீளமாகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டாது. அதனால் மேல் கண்ணியை முதலில் முடித்து, இரண்டு மரங்களுக்கு இடையே கப்பி வைத்து நன்றாக இழுத்து, ஒரு இரவு அப்படியே விட்டு, மறுநாள் காலையில்தான் கீழ்க் கண்ணிக்கு அளவு எடுத்தேன். கீழ்க் கண்ணியைப் பட்டைக்கு 15 செ.மீ. மேலேயே நிற்கும்படி வைத்தேன். அந்த இடைவெளிதான் பாக்கி விளையாட்டுக்கு இடம்.

டர்ன்பக்கிளை மறுபடி போட மனம் வரவில்லை. பழைய பாய்க்கப்பல்களில் திருகு ஏது? மூன்று துளை போட்ட மர வட்டுகள் இரண்டை வைத்து, இடையில் கயிறு கோத்து இறுக்குவார்கள். அதன் சின்ன வடிவம்தான் நான் செய்தது: பட்டையில் ஒரு வளைந்த ஷேக்கிள், மேலே திம்பிள், இரண்டுக்கும் நடுவே 2 மி.மீ. டைனீமா ஆறு சுற்று. பட்டையின் துளையிலேயே நேரடியாகக் கோத்தால் விளிம்பு கயிற்றை அறுத்துவிடும், அதனால்தான் ஷேக்கிள். ஆறு சுற்றுக்கும் பன்னிரண்டு மடங்கு இழுவை கிடைக்கும் என்று ஏட்டுக்கணக்கு சொல்லும். உராய்வு அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கடைசி முனையை மட்டும் இழுத்தால் முதல் சுற்றுக்கு இழுவையே போய்ச் சேராது. ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக நெம்பி இறுக்கிக்கொண்டே வரவேண்டும். கைப்பிடிக்கு ஒரு ஸ்பானரைக் கயிற்றில் சுற்றிக்கொண்டேன், இல்லையென்றால் 2 மி.மீ. கயிறு விரலைப் பதம் பார்க்கும்.

முடிக்கும்போது சுற்றுகளின் இடுப்பில் இரண்டு அரைமுடிச்சு போட்டேன். வேறு எந்தக் கயிறாக இருந்தாலும் அது போதும். முதல் ஓட்டத்தில் முக்கால் மணி நேரத்தில் அவை வழுக்கி, இடப்பக்கக் கட்டு தளர்ந்துவிட்டது. இப்போது ஆறு அரைமுடிச்சு, அதற்குமேல் வாலைச் சுற்றுகளுக்கு நடுவே செருகி விடுகிறேன். வாலை அரை மீட்டர் நீளமாகவே வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் மறுபடி பிரித்துக் கட்ட அது வேண்டும்.

முன் கம்பியை மட்டும் கம்பியாகவே புதிதாக வாங்கிப் போட்டேன். முன்பாயின் கொக்கிகள் அதன்மேல்தான் ஏறி இறங்குகின்றன; கயிறானால் தேய்ந்துவிடும்.

இனிப் பாய்மரத்தை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. எல்லாம் பிரித்துப் போட்டாயிற்று, பழைய அளவுகளை எழுதி வைக்கவும் இல்லை. அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், போகட்டும். முதலில் இடவலம். ஆஞ்சான் முனையில் அளவுநாடாவைக் கட்டி உச்சிவரை ஏற்றி, இரண்டு பக்கப் பட்டைகளுக்கும் அளந்தேன். வித்தியாசம் 3 செ.மீ.; வலப்பக்கச் சுற்றை இறுக்கிச் சமன் செய்தேன். பிறகு அதே நாடாவைப் படகின் பின்முனையை மூடும் பின்பலகையின் மேல்விளிம்புக்கு நடுவில் பிடித்தால் பாய்மரம் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். அளவு குறையக் குறையச் சாய்வு அதிகம். ஒன்று கவனிக்க வேண்டும்: ஆஞ்சான் கொஞ்சமாவது நீளும், அதனால் ஒவ்வொரு முறையும் அதை ஒரே அடையாளத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். பாய்மரத்தைத் தூக்குவதற்கு முன் தலைக்குமேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது ஆறு மீட்டர் அலுமினியக் கம்பம்.

முதல் ஓட்டத்திலேயே சுக்கான் பிடி கையை இழுத்தது. பிடியை விட்டால் படகு விருட்டென்று காற்றை நோக்கித் திரும்பியது. பாய்மரம் பின்னால் சாயும்போது பாய்களின் மொத்தத் தள்ளுவிசையும் பின்னால் நகர்கிறது. படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது தண்ணீருக்குள் இருக்கும் நடுப்பலகை. தள்ளும் இடம் அந்தப் பிடிமானத்துக்குப் பின்னால் போனால் வால் தள்ளப்பட்டு மூக்கு காற்றுக்குத் திரும்பும். அதைச் சமாளிக்கச் சுக்கானைக் குறுக்கே பிடித்துக்கொண்டே போனால் அது வெறும் பிரேக். இரண்டு பக்கச் சுற்றுகளையும் தளர்த்தி, முன் கம்பியை அதன் துளைப்பட்டையில் ஒரு துளை இறுக்கி, பின்பலகை அளவில் 6 செ.மீ. கூட்டினேன்.

இழுப்பு முழுக்கப் போய்விட்டது. ஆனால் அது அதிகப்படி. ஒரு காற்றடியில் படகு தானாகவே காற்றை விட்டு விலகித் திரும்பப் பார்த்தது. இது இழுப்பைவிட மோசம்: நான் பிடியைத் தவறவிட்டாலும் தண்ணீரில் விழுந்தாலும் படகு நிற்காமல் ஓடிவிடும். 2 செ.மீ. பின்னால் விட்டேன். இப்போது பிடியை இரண்டு விரலில் பிடிக்கலாம், விட்டால் படகு சோம்பலாகக் காற்றுக்கு முகம் காட்டி நின்றுவிடும். மூன்று நாள் ஓட்டத்தில் இந்த இடத்தைக் கண்டுபிடித்தேன்.

இறுக்கம் எவ்வளவு? கம்பி என்றால் நல்ல வழி உண்டு. தளர்வாக இருக்கும்போது 2 மீட்டர் அளந்து குறித்துக்கொண்டு இறுக்கினால், ஒவ்வொரு 1 மி.மீ. நீட்சிக்கும் அறுபடும் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு இழுவை ஏறியதாக அர்த்தம். பத்தொன்பது இழைக் கம்பியின் தடிமன் என்னவாக இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும். முன் கம்பிக்கு இப்படித்தான் பார்த்தேன். டைனீமாவுக்கு இது செல்லாது. கம்பிக்கென்று செய்த இழுவைமானியும் செல்லாது. தட்டிப் பார்த்து ஒலி கேட்கும் வித்தையும் உதவவில்லை, டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதனால் கண்ணை நம்பினேன். மிதமான காற்றில் காற்றுக்கு எதிராக ஏறும்போது காற்றுமறைவுப் பக்கத்துக் கயிறு லேசாகத் தளர வேண்டும். விரலால் தள்ளினால் இரண்டு மூன்று செ.மீ. அசையலாம், தானாக ஊஞ்சலாடக்கூடாது. அதைவிட இறுக்கினால் சுமை எல்லாம் படகின் உடலுக்குத்தான் போகும்.

கடைசியாகப் பாயின் கழுத்து. பெரிய பாயில், பாய்மரத்தை ஒட்டிய விளிம்பிலிருந்து குறுக்கே சுருக்கங்கள் ஓடின. ஆஞ்சானை இன்னும் இழுக்க முடியவில்லை. பாயின் கீழ்மூலைக்குச் சற்று மேலே இருக்கும் துளை வழியாக ஒரு மெல்லிய கயிற்றை விட்டு, மூட்டை கட்டும்போது போடுவது போல நடுவில் ஒரு கண்ணி வைத்துக் கீழே இழுத்துக் கட்டினேன். பாதிச் சுருக்கம் மறைந்தது. பழைய கேசட் நாடாவில் நாலு துண்டு வெட்டிப் பாயின் பின்விளிம்பில் ஒட்டினேன். காற்று சரியாக வழிந்தால் அவை நேராகப் பின்னே பறக்கும்.

பத்து ஓட்டம் முடிந்தது. முன்பாயின் தாமான் உரசும் இடத்தில் வலப்பக்கக் கயிறு பஞ்சு மாதிரி முடி கிளப்பியிருந்தது. தோட்டக் குழாயில் ஒரு சாண் வெட்டி நீளவாக்கில் கீறி அங்கே மாட்டிவிட்டேன். டைனீமா தொடர்ந்த இழுவையில் மெல்ல மெல்ல நீளும் என்பதால் கரையில் நிறுத்தும்போது சுற்றுகளைத் தளர்த்தி வைக்கிறேன். வாலைச் செருகிய இடத்தில் முதல் நாளே கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்தேன். இடப்பக்கக் கோடு வைத்த இடத்திலேயே இருக்கிறது. வலப்பக்கக் கோடு 4 மி.மீ. நகர்ந்திருக்கிறது, அந்தத் தையலை இந்த வாரம் பிரித்துப் பார்க்க வேண்டும்.